ஆப்பசோடாவுக்கு முன்னும் பின்னும்

கொல்லிமலைக்கு நாங்கள் போனது வல்வில் ஓரியைத் தேடித்தான். திரும்பும்போது மனத்தில் இருந்ததோ ஒரு பணியாரத்தைப் பற்றிய கேள்வி. ஆய்வுப் பயணங்கள் இப்படி வழி தவறுவது புதிதன்று. ஆனால் இம்முறை தவறிய வழியே நேர்வழியாக இருந்ததோ என்று இன்று தோன்றுகிறது.

நாங்கள் இருவர், ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். ஆடி பதினெட்டை ஒட்டி மலைமேல் ஓரி விழா நடக்கும் நாள்களில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டில் இறங்கினோம். மறுநாள் அறப்பளீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு வரும் வழியில், வளப்பூர்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். அந்த வீட்டு அம்மாள் எங்களை உள்ளே அழைத்து உட்கார வைத்து, தேநீரோடு ஒரு தட்டில் பணியாரம் கொண்டுவந்து வைத்தார். வெல்லமும் ஏலக்காயும் மணத்தன. நிறம் சற்றே பழுப்பு. விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கி மறுபடியும் எழுந்தது. பிட்டுப் பார்த்தால் உள்ளெங்கும் சின்னஞ்சிறு துளைகள். அரிசிமாவுப் பணியாரம் அவ்வளவு இலேசாக இருந்து நாங்கள் உண்டதில்லை.

"அரிசிங்களா அம்மா?" என்று கேட்டோம்.

"அரிசி எங்கீங்க சார், சாமை. ராத்திரியே ஊறப்போட்டு ஆட்டி வச்சது" என்றார்.

"ஆப்பசோடா போட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "சோடா எதுக்குங்க? மலைவாழை ரெண்டைப் பெசஞ்சு போட்டா அதுவே பொங்கிக்குதுங்க. சோடா போட்டா நாக்குல சோப்பு மாதிரி நிக்கும்."

சோடாவின் இடத்தில் ஒரு வாழைப்பழம். அரிசியின் இடத்தில் சாமை. மாற்றியது அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் மாற்றியவர் அவர் அல்லர், நாம்தான். சாமை இருந்த இடத்தில் அரிசியையும் மைதாவையும் வைத்தோம். பழமும் கள்ளும் புளிப்பும் இருந்த இடத்தில் வெள்ளைப் பொடியை வைத்தோம். அந்த மாற்றங்கள் எப்போது, ஏன் நிகழ்ந்தன? இனிப்புப் பலகாரத்தை இலேசாக்குவது என்னும் சிறிய வித்தைக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது? இக்கட்டுரை அதைத் தேடிய முயற்சி.

தேனடை போன்ற அடை

இலேசான பலகாரத்தின் மீது தமிழனுக்கு ஆசை வந்தது எப்போது என்று கேட்டால், நம்மிடம் எழுத்துச் சான்று இருக்கிறது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரை வருகிறது. கடைத்தெரு அடங்குகிறது. பலகாரம் விற்றவர்கள் விற்ற இடத்திலேயே தூங்கி வழிகிறார்கள். அவர்களுக்குக் கூவியர் என்று பெயர். அவர்கள் விற்ற பண்டங்களைப் புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார்: பாகும் பூரணமும் வைத்துப் பிடித்த மோதகம் ஒன்று, மெல்லிய அடை மற்றொன்று. அந்த அடைக்கு அவர் கூறும் உவமைதான் நம்மை நிறுத்துகிறது. நல்ல வரிகளையுடைய தேனிறால், அதாவது தேன்கூட்டின் அடை, போன்றது என்கிறார்.

இந்த உவமையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக் கடந்திருக்கிறோம். சமைத்துப் பார்க்காதவர்களுக்கு அது இனிமையைக் குறித்த உவமையாகவே படும். திண்ணையில் அந்தப் பணியாரத்தைப் பிட்டுப் பார்த்த பிறகுதான் புலவர் சுவையை மட்டுமன்றி உருவத்தையும் சொல்லியிருக்கக்கூடும் என்று உறைத்தது. தேனடையின் முதல் அடையாளம் அதன் கண்ணறைகள். துளை துளையாக, மென்மையாக, கைக்கு இலேசாக இருந்த ஒரு பண்டத்தைத்தான் அவர் தேன்கூட்டோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் மாவுக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் கலை அன்றே கைவந்திருந்தது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், ஆயினும் அடுப்பருகே நின்று செய்த ஊகம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையிலும் கூவியர் வருகிறார்கள். கரிய சட்டியில் பாகு சேர்த்து அவர்கள் செய்த வட்டமான அப்பம் பாலில் மிதப்பதைப் போல, மணற்பாங்கான நீரில் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன என்று புலவர் காட்டுகிறார். பாலில் இட்டு ஊறவைத்து உண்ட அப்பம் அது. பாலை உறிஞ்ச வேண்டுமானால் அப்பத்துக்குள் இடம் வேண்டும். கல்போல் இறுகிய அப்பம் பாலை உறிஞ்சாது.

இவை நாட்டுப்புறமும் நகரமும் சார்ந்த செய்திகள். மலைநாட்டில் நிலை என்ன? தினையும் தேனும் குறிஞ்சித் திணையின் அடையாளங்கள். கொல்லிமலையின் தலைவனான ஓரியைப் புறநானூறு வன்பரணர் வாயிலாகவும் கழைதின் யானையார் வாயிலாகவும் பாடுகிறது. ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பில் முடிந்த வேட்டைக் காட்சியை அறியாத தமிழ் மாணவர் இரார். அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த கதையை அகநானூறு சொல்கிறது. மலை கைமாறியது, தினைப்புனம் கைமாறவில்லை. ஆட்சி யாருடையதாயினும் மலைச்சரிவில் விளைந்தவை தினையும் சாமையும் கேழ்வரகும்தாம். அவை 20ஆம் நூற்றாண்டு வரை அங்கே நிலைத்தன. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

துளையின் இலக்கணம்

மாவு இலேசாவதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, உள்ளே காற்றை உண்டாக்கும் பொருள். மற்றொன்று, உண்டான காற்றை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் வலை.

கோதுமைக்கு வலை பிறவியிலேயே உண்டு. மாவை நீர்விட்டுப் பிசைந்தால் அதன் புரதங்கள் இணைந்து இழுபடும் பசையாகின்றன. இதை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் இத்தாலியின் பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி. பிசைந்த மாவை நீரில் கழுவிக்கொண்டே போனால் மாவுச்சத்து கரைந்து போய், கையில் ஒட்டும் பிசின் மட்டும் மிஞ்சுவதை அவர் கண்டார். 1745இல் அவருடைய ஆய்வு அச்சேறியது. குளூட்டன் என்று இன்று நாம் அழைப்பது அந்தப் பிசினைத்தான்.

அரிசிக்கும் சாமைக்கும் தினைக்கும் அந்தப் பசை இல்லை. எனவே நம் முன்னோர் வேறு வழி கண்டார்கள். இட்லிக்கும் தோசைக்கும் உளுந்து. ஊறிய உளுந்தை ஆட்டினால் வரும் கொழகொழப்பு காற்றைக் கட்டி வைக்கிறது. இரவெல்லாம் புளிக்கும்போது நுண்ணுயிர்கள் காற்றைத் தருகின்றன. ஆப்பத்துக்குக் கள். கள்ளில் இயல்பாகவே நொதிகள் உள்ளன; மாலையில் ஊற்றினால் விடியலில் மாவு பொங்கி நிற்கும். இனிப்பு அப்பத்துக்கும் பணியாரத்துக்கும் வாழைப்பழம். பழத்தின் சர்க்கரை மாவிலுள்ள நொதிகளுக்கு உணவாகிறது. பழத்தின் கூழ் மாவைக் கெட்டியாக்கிக் காற்றைச் சற்றே தாங்குகிறது. பழத்தின் மென்மை பலகாரத்துக்கும் வருகிறது. வளப்பூர்நாட்டு அம்மாள் 'அதுவே பொங்கிக்குது' என்று இரண்டே சொல்லில் முடித்தது இதைத்தான்.

அதிரசத்தின் வழி தனி வழி. அங்கே பொங்கவைப்பது புளிப்பன்று; ஈரம். ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்த மாவில் வெல்லப்பாகைச் சேர்த்து ஓரிரு நாள் வைத்துத் தட்டிப் போட்டால், சூடான எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளே இடம் செய்துகொள்கிறது. பாகு பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்துபோகும்; காய்ந்த மாவானால் கல்லாகும். விசயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகள் அதிரசப்படி, அப்பப்படி என்று படையல்களைக் கணக்கு வைத்துப் பேசுகின்றன. கோயில் மடைப்பள்ளியில் கள்ளுக்கு இடமில்லை. ஆகவே பாகையும் ஈரத்தையும் நம்பிய பலகாரங்கள் அங்கே சிறந்தன என்று எண்ணத் தோன்றுகிறது. எந்தப் பொருளுக்கு எந்த வீட்டில் அனுமதி உண்டோ, அந்தப் பொருளே அந்த வீட்டுப் பலகாரத்தின் உருவத்தைத் தீர்மானித்தது.

சேலத்தில் கள் நின்ற நாள்

அனுமதி மறுக்கப்பட்டால் என்ன நடக்கும்? அதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. விந்தை என்னவென்றால், அது நம் கொல்லிமலை இருக்கும் மாவட்டத்திலேயே தொடங்குகிறது.

இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற 1937ஆம் ஆண்டு, அக்டோபர் 1ஆம் நாள், மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். பின்னர் 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. ஆனால் கள்ளைப் பொறுத்தவரை 1987 முதல் தமிழ்நாட்டில் இறக்கவும் விற்கவும் தடை நிலவுகிறது.

மதுவிலக்கின் நன்மை தீமைகளை எடைபோடுவது நம் வேலையன்று. குடித்து அழிந்த குடும்பங்களின் கண்ணீர் அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தது. ஆனால் குடிப்பவர் கலயத்திலிருந்து கள் மறைந்தபோது ஆப்ப மாவுச் சட்டியிலிருந்தும் மறைந்தது. சட்டம் எழுதியவர்கள் அடுப்படியை நினைத்திருக்க மாட்டார்கள். அடுப்படி தானே ஒரு மாற்றைத் தேடிக்கொண்டது. தமிழில் சோடியம் பைகார்பனேட்டுக்குச் சமையல் சோடா என்றும் பெயருண்டு. ஆனால் மளிகைக் கடையில் நாம் கேட்டு வாங்குவது ஆப்பசோடா. கள்ளின் நாற்காலியில் வந்து அமர்ந்த பொருளுக்கு, அமர்ந்த இடமே பெயராகிவிட்டது. ஒரு வேதிப்பொருளுக்குப் பலகாரத்தின் பெயரை வைத்த மொழியில் நாம் பேசுகிறோம் என்பதை ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தப் பொடி வந்த வழியும் நெடியது. உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்கு பிரான்சின் லெபிளாங்க் 1791இல் காப்புரிமை பெற்றார். அன்று அது கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய பொருள். வளப்பூர்நாட்டு அம்மாளின் நாக்கு சோப்பு என்று சொன்னது வெறும் உவமையன்று. சமையல் சோடா சூட்டில் காற்றை வெளியிட்ட பின் எஞ்சி நிற்பது சலவைச் சோடாவுக்கு உறவான காரப்பொருளே. அதை அடக்கப் புளிப்பு வேண்டும்: மோர், எலுமிச்சை, வெல்லம், பழம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் ஆல்பிரெட் பேர்டு 1843இல் சோடாவோடு புளிப்புப் பொடியையும் கலந்து ஒரே டப்பியில் அடைத்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்டும் முட்டையும் ஒவ்வாதவை; அவருக்காகக் கண்டதுதான் இன்றைய பேக்கிங் பவுடர். முட்டையில்லாத கஸ்டர்டுப் பொடியையும் அவரே 1837இல் கண்டிருந்தார். ஒரு வீட்டின் ஒவ்வாமை உலகத்தின் பேக்கரிகளை மாற்றியது.

ஓட்ஸ் நாட்டுத் தோசைக்கல்

பேக்கிங் பவுடரால் பெரும்புகழ் பெற்ற பண்டங்களுள் ஒன்று ஸ்கோன். நம் பேக்கரிகளில் இதை அதிகம் காண முடியாது. இனிப்பு பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் இடைப்பட்டது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. தேநீர் வேளையில் வெண்ணெயும் ஜாமும் தடவி உண்பர். இதன் தாயகம் ஸ்காட்லாந்து. கேவின் டக்ளஸ் என்னும் ஸ்காட்லாந்துப் புலவர் 1513இல் முடித்த வர்ஜிலின் காவிய மொழிபெயர்ப்பில் இச்சொல் இடம்பெறுகிறது.

பழைய ஸ்கோன் அடுப்புக்குள் வெந்ததன்று. நம் தோசைக்கல்லைப் போன்ற இரும்புக்கல்லில் சுட்டது, ஓட்ஸ் மாவிலும் வாற்கோதுமை மாவிலும் ஆனது, தட்டையானது, கனமானது. ஈர மண்ணும் குளிரும் நிறைந்த அந்த மலைநாட்டுக்கு ஏற்ற தானியங்கள் அவை. 19ஆம் நூற்றாண்டில் வெண்மையான கோதுமை மாவு மலிவானது; சோடாவும் பேக்கிங் பவுடரும் வந்தன; வீட்டு அடுப்புகள் மாறின. ஸ்கோன் உயர்ந்து எழுந்தது. ஓட்ஸ் அதிலிருந்து விலகியது. இலேசான பலகாரம் வேண்டும் என்ற ஆசை, மலைநாட்டுத் தானியத்தைப் பின்னுக்குத் தள்ளிய கதை அங்கும் நடந்திருக்கிறது.

கொல்லிமலையிலும் ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் பிராண்டும் 1913இல் மருத்துவமும் சமயப் பணியும் செய்ய மலையேறினார்கள். தொழுநோயாளிகளின் கைகால்களை மீட்டுத் தந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு அவர்களுடைய மகன். 1914இல் பிறந்தவர். ஏற்காட்டைப் போலவோ உதகையைப் போலவோ கொல்லிமலை ஆங்கிலேயரின் கோடை வாசமாகாததற்கு இங்கு நிலவிய மலேரியாவும் ஒரு காரணம். ஜெஸ்ஸி பிராண்டும் 1929இல் காய்ச்சலால் இறந்தார். ஆகவே ஸ்கோனும் கேக்கும் விற்கும் பேக்கரித் தெரு இங்கே எழவில்லை. மலையாளிப் பழங்குடியினரின் அடுப்பில் சாமையும் கேழ்வரகும் மேலும் அரை நூற்றாண்டு தொடர்ந்து வெந்தன.

மலைமேல் நடந்த பெரிய மாற்று

அந்தத் தொடர்ச்சியை அறுத்தது மைதாவன்று, ஒரு கிழங்கு.

மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பியவர் என்பது தெரிந்த செய்தி. இரண்டாம் உலகப் போரில் கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். தொழில் பெருகியது. 1981இல் உற்பத்தியாளர்களுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் உருவானது. அடிவாரத்தில் ஆலைகள் எழுந்த பிறகு, மலைச்சரிவு கிழங்குக்காடாக மாற நாளாகவில்லை. பிடுங்கினால் லாரி வந்து நிற்கும். கையில் பணம் வரும். சாமைக்கு அப்படி லாரி வராது.

நியாயவிலைக் கடை அரிசி மற்றொரு காரணம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு அது விலையின்றியே கிடைக்கிறது. பசியைத் தீர்த்த திட்டத்தைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அரிசி வீட்டுக்கு வந்துவிட்டால், விளைவித்து, உலர்த்தி, குத்திப் புடைக்க வேண்டிய சாமையை யார் விதைப்பார்?

'குத்திப் புடைக்க' என்று எழுதுவது எளிது. சாமை மணி கடுகைவிடச் சற்றே பெரியது. அதன் உமியோ வழுவழுப்பானது, இறுகியது. உரலில் மணிக்கணக்கில் குத்தினால்தான் ஒரு வேளைக்கு அரிசி தேறும். குத்தியவர்கள் பெண்கள். காட்டு வேலை முடித்து வந்தபின் குத்தினார்கள். பழந்தானியங்களின் பெருமை பேசும் நம்மைப் போன்றவர்கள் மறந்துவிடுவது இந்த உலக்கையைத்தான். அந்த வீட்டு அம்மாளிடம், சாமையை விட்டது பெரிய இழப்பல்லவா என்று நாங்கள் கேட்டபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "எங்கம்மா கையைப் பாத்திருக்கணுங்க நீங்க. இது ஒண்ணுமில்ல" என்றார். பலகாரத்தின் இலேசைப் பற்றி எழுத வந்தவர்களுக்கு, அதற்குப் பின்னாலிருந்த கனம் அப்போதுதான் தெரிந்தது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் பணி தொடங்கியபோது, விதையைச் சேமிப்பதோடு நில்லாமல் உமி நீக்கும் இயந்திரத்தையும் மலைமேல் கொண்டுவந்தது. அதைச் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. சாமை ரவை, கேழ்வரகு மாவு போன்றவற்றை மலையிலேயே செய்து விற்க வழிகாட்டியது. உலக்கை ஓய்ந்தால்தான் சாமை திரும்பும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அவர்கள் பதிவுசெய்த நாட்டு வகைகளின் பெயர்களே ஒரு சொல்லகராதி: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, மூக்காந்தினை, பாலாந்தினை, சுருட்டைக் கேழ்வரகு. ஒரு பயிர் அழிந்தால் விதை மட்டுமா அழிகிறது? மூக்காந்தினை என்ற சொல்லைச் சொல்ல ஒரு வாயும் இல்லாமற்போகிறது. தமிழ் கற்பிப்பவர்களுக்கு இது சிறிய கவலையன்று.

2018ஐ இந்தியாவும், 2023ஐ இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவையும் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடின. சுவாமிநாதன் மறைந்ததும் அந்த 2023இல்தான், செப்டம்பர் 28ஆம் நாள்.

எங்கள் அடுப்பில்

மலையிலிருந்து இரண்டு கிலோ சாமை வாங்கி வந்தோம். எங்களுள் ஒருவர் வீட்டில் சிறிய ஓவன் உண்டு. ஸ்கோனில் சாமையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. முதலில் மைதா முழுவதையும் எடுத்துவிட்டுச் சாமை மாவையே போட்டோம். வந்தது செங்கல், கைபட்டதும் மணலாக உதிர்ந்தது. பசை இல்லாத மாவிடம் பசையின் வேலையைக் கேட்ட எங்கள் பிழை அது. இரண்டாம் முறை மைதா மட்டும் வைத்து, நன்றாகவே பிசைந்தோம். இம்முறை வந்தது இழுபட்டது. ஸ்கோனுக்கு மிகுந்த பசையும் பகை என்பதை அப்போது கற்றோம்.

மூன்றாம் முறை, 250 கிராம் மைதாவில் 60 கிராமை எடுத்துவிட்டு அதன் இடத்தில் நன்கு சலித்த சாமை மாவை வைத்தோம். பாலின் இடத்தில் புளித்த மோர், 150 மில்லி அளவில். வெண்ணெய் 50 கிராம், பொடித்த வெல்லம் 40 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, ஆப்பசோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. குளிர்ந்த வெண்ணெயை மாவோடு விரல்நுனியால் உதிர்த்து, மோரை ஊற்றி, மாவு சேர்ந்ததும் கையை எடுத்துவிட்டோம். விரல் தடிமனுக்குத் தட்டி, வட்டமாக வெட்டி, 200 பாகை செல்சியசு சூட்டில் 15 நிமிடம்.

பொங்கி எழுந்தன. பிட்டால் பஞ்சுபோல் பிரிந்தன. சாமையின் மெல்லிய வாசமும் இருந்தது. காரணம் எளியது. நாலில் ஒரு பங்கு மாவு பசையற்றதாக மாறியதால், வலை காற்றைப் பிடிக்கும் அளவுக்கு இருந்தது. இறுகும் அளவுக்கு இல்லை. மோரின் புளிப்பு சோடாவின் காரத்தை அடக்கிக் காற்றைக் கூட்டியது. மேலைநாட்டு வீடுகளில் இதே வேலைக்குச் சிறிது சோள மாவுச்சத்தை மைதாவில் கலப்பதுண்டு. நம் மரவள்ளி மாவுச்சத்தும் இதைச் செய்யும். சாமையை மலையிலிருந்து இறக்கிய அதே கிழங்கு, பலகாரத்திலும் சாமையின் இடத்தில் அமரக் காத்திருக்கிறது என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

அறுபது கிராமின் எடை

இங்கே நிறுத்தியிருந்தால் இது மகிழ்ச்சியான கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் வரலாறு பேசத் தொடங்கியவர்கள் கணக்கைப் பாதியில் மூடக்கூடாது.

எட்டு ஸ்கோனுக்கு 60 கிராம் சாமை. இதனால் கொல்லிமலைச் சரிவுகளில் சாமை திரும்பிவிடுமா? திரும்பாது. நகரத்துக் கடையில் சாமையின் விலை ஏறும்போது அந்த ஏற்றம் முழுவதும் மலைக்குப் போய்ச் சேர்வதில்லை. விலை ஏறஏற, விளைவிப்பவரே அதை விற்றுவிட்டு அரிசி உண்ணும் நிலையும் வரலாம். நகரத்தார் நலம் தேடிச் சாமைக்கு மாறும்போது, மலைவாழ் குடும்பத்தின் தட்டில் அது விருந்தாளியாகிவிடும். நாம் இலேசாக்கிக்கொண்ட பலகாரத்தின் கனம் மீண்டும் அவர்கள் மேலேயே விழக்கூடாது.

ஆயினும் இந்த அறுபது கிராமை வீண் என்றும் சொல்ல மனம் வரவில்லை. இதுவரை நாம் பார்த்த பெரிய மாற்றங்கள் எல்லாம் அடுப்படியில் சிறு கரண்டி அளவில் நடந்தவைதாம். ஒரு கலயம் கள்ளுக்கு ஒரு சிட்டிகை சோடா. ஒரு படி சாமைக்கு ஒரு படி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் அது சின்ன வசதி. எல்லா வீட்டிலும் சேர்ந்தபோது ஒரு மலையின் நிறமே மாறியது. அந்த வழியில் போனது, அந்த வழியில் சிறிதேனும் திரும்பக்கூடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு என்று கருதுகிறோம். உலக்கை திரும்பி வரக்கூடாது. அதன் இடத்தில் இயந்திரம் இருக்க வேண்டும். விலையின் பெரும்பங்கு விளைவித்தவர் கைக்குப் போக வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் சிறுதானியப் பெருமை பேசுவது, ஓரியின் வள்ளன்மையைப் பாடிவிட்டு அவன் மலையை மாற்றானுக்குக் கொடுத்த கதையாகவே முடியும்.

மழை விட்டபின் அந்த அம்மாள் எங்களை வழியனுப்ப வெளியே வந்தார். வீட்டைச் சுற்றிலும் மரவள்ளி. "எவ்வளவு சாமை போடறீங்கம்மா?" என்று கேட்டோம். கிழங்குக் காட்டின் ஓரத்தில், வீட்டுக்குப் பக்கத்தில், இரண்டு கட்டில் போடும் அகலத்துக்கு நீண்டிருந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். "கெழங்கு போட்டாத்தான் புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்ட முடியும் சார். இது சாமிக்கு, பலகாரத்துக்கு, வெதைக்கு" என்றார்.

சாமிக்கு, பலகாரத்துக்கு, விதைக்கு. அந்த வரிசையில் பலகாரம் நடுவில் இருந்ததை நாங்கள் கீழே இறங்கும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். அந்தப் பணியாரத்தைச் செய்ய ஆள் இருக்கும்வரை, அந்தத் துண்டு நிலத்தில் விதை விழும்.